ஆச்சி போட்ட ஓட்டு

2018 அக்டோபரில் எங்கள் தெருவில் பதினேழு தேர்தல் பலகைகள் நின்றன. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நானும் என் மகளும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்து எண்ணுவோம். கறுப்பில் வெள்ளை எழுத்தாக ‘பெட்டோ’ என்று போட்டவை ஒன்பது, ‘குரூஸ்’ பலகைகள் எட்டு. அமெரிக்க செனட்டுக்கு, அதாவது நாடாளுமன்ற மேல்சபைக்கு, டெக்சஸிலிருந்து நின்ற இரண்டு பேர் அவர்கள்: பெட்டோ ஜனநாயகக் கட்சி, குரூஸ் குடியரசுக் கட்சி. அடுத்த வாரம் ஒன்பதுக்கு ஒன்பது. அவளுக்கு அப்போது பத்து வயசு. கிரிக்கெட் ஸ்கோர் எழுதுகிற மாதிரி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைப்பாள்.

டெக்சஸில் இருக்காதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் இந்த மாநிலத்திலிருந்து செனட்டுக்குக் கடைசியாகத் தேர்வானது 1988இல். லாயிட் பென்ட்சன் என்று பெயர். கவர்னரோ வேறு எந்தப் பதவியோ, மாநிலம் முழுக்கச் சேர்ந்து ஓட்டுப் போடுகிற எதிலும் அந்தக் கட்சி 1994க்குப் பிறகு ஜெயித்ததே இல்லை. மார்ச் மாதம் குடியரசுக் கட்சிக்குள் நடக்கிற முன்தேர்தலில் யார் ஜெயிக்கிறாரோ அவர்தான் கடைசியில் வருவார். நவம்பர் வெறும் சடங்கு. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிற இந்தத் தெருவுக்கு நாங்கள் 2006இல் குடிவந்தோம். பன்னிரண்டு வருஷத்தில் செனட் தேர்தலுக்கென்று ஒரு பலகையைக்கூட நான் பார்த்ததில்லை. பலகை நட என்ன அவசியம், முடிவு தெரிந்த விஷயத்துக்கு?

அந்த வருஷம் முடிவு தெரியவில்லை. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற தேர்தல். ஒரு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். மேற்குக் கோடியில் இருக்கிற எல் பாசோவில் கிளம்பினால் ஹூஸ்டன் வந்து சேர 1,200 கிலோமீட்டர். இதில் ஒரு ஆள் போய் ஓட்டுக் கேட்டு நிலைமையை மாற்றிவிட முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. எல் பாசோக்காரர் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு 254 கவுண்டிக்கும் போய்விட்டு வந்தார்.

அவர்தான் பெட்டோ ஓரூர்க். நிஜப் பெயர் ராபர்ட் ஃபிரான்சிஸ் ஓரூர்க், ஐரிஷ் வம்சம். மெக்சிகோ எல்லையோர ஊரில் வளர்ந்ததால் சின்ன வயசிலேயே ஸ்பானிய செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. எதிரே நின்ற டெட் குரூஸின் நிஜப் பெயர் ரஃபயேல் எட்வர்ட் குரூஸ். அப்பா கியூபாவிலிருந்து வந்தவர். ஐரிஷ்காரர் ஸ்பானியப் பெயரோடும், கியூபாக்காரர் மகன் ஆங்கிலப் பெயரோடும் மோதிக்கொண்டார்கள். மார்ச்சிலேயே குரூஸ் தரப்பு ரேடியோவில் ஒரு பாட்டுப் போட்டது, ஓட்டு வாங்குவதற்காக இவர் பெயரை மாற்றிக்கொண்டார் என்று. எனக்கு அந்த விளம்பரம் பிடிக்கவே இல்லை. ‘சுப்பு’ என்றும் ‘வெங்கி’ என்றும் ‘சாம்’ என்றும் அலுவலகத்தில் பெயரைச் சுருக்கிக்கொண்டு வாழ்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒரு பெயர் எப்படி வந்து மனிதன் மேல் ஒட்டுகிறது என்பது அவரவர் வாழ்க்கைக் கதை. அதைக் கிண்டல் பண்ண குரூஸுக்கே மனசு எப்படி வந்தது என்று இன்னும் யோசிப்பேன்.

நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை. ஓரூர்க்குக்காகக் கதவு தட்டினேன். மெக்சிகோ எல்லை தாண்டி வந்த பெற்றோரிடமிருந்து அரசாங்கம் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டிருந்த கோடை அது. எல் பாசோவுக்குக் கிழக்கே டோர்னியோ என்ற இடத்தில், வெட்டவெளியில், பதின்பருவப் பிள்ளைகளுக்காகக் கூடாரங்கள் போட்டார்கள். ஜூன் 17, தந்தையர் தினம். அன்றைக்கு ஓரூர்க் அங்கே ஊர்வலம் போனார். அதை நான் ஃபோனில் பார்த்தேன், மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் காரணம். பிறகு அவர் வரிக்கொள்கை, மருத்துவக் காப்பீடு எல்லாம் படித்தேன். ஆனால் முடிவு எடுத்தது அன்றைக்கு.

ஓட்டுரிமையே எனக்கு அந்த ஏப்ரலில்தான் வந்தது. குடியுரிமை உறுதிமொழி எடுக்க ஹூஸ்டனுக்கு வடக்கே ஒரு பெரிய அரங்கத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பட்டுப்புடவையிலிருந்து கௌபாய் தொப்பி வரைக்கும். உறுதிமொழி முடிந்து வெளியே வந்தால் வாசலிலேயே பெண் வாக்காளர் சங்கத்து அம்மாக்கள் கையில் அட்டையோடு நின்றிருந்தார்கள். என்னிடம் வந்தவருக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். “இதை நிரப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம் போட்டோ எடுத்துக்கொள், கண்ணு” என்கிற பாவனையில் பேனாவை நீட்டினார். கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மடியில் வைத்து நிரப்பினேன்.

மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பட்டியல் சரிபார்க்க ஆளே வருவார். தேர்தலுக்கு முன்னால் பூத் சிலிப் வீட்டுக்கு வந்துவிடும். டெக்சஸில் தேடிப்போக வேண்டியது நாம்தான். அப்போது இணையத்தில் பெயர் சேர்க்க வழி இல்லை. அட்டையை நிரப்பித் தபாலில் போட வேண்டும், அல்லது நேரில் கொடுக்க வேண்டும். தேர்தலுக்கு 30 நாள் முன்னால் கதவு மூடிவிடும். அந்த வருஷம் அக்டோபர் 9. மற்றவர்கள் அட்டையை நாம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கவுண்டியில் வகுப்பில் உட்கார்ந்து தன்னார்வத் துணைப் பதிவாளர் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். ஃபோர்ட் பெண்ட் சான்றிதழை வைத்துக்கொண்டு பக்கத்து ஹாரிஸ் கவுண்டிக்காரரின் அட்டையை வாங்க முடியாது. வாங்கிய அட்டையை ஐந்து நாளுக்குள் ஒப்படைக்காவிட்டால் குற்றம். ஜூலையில் ஒரு சாயங்காலம் நான் போய் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினேன். வாசலில் பேனா நீட்டிய அந்த அம்மாதான் மனசில் இருந்தார்.

2014 தேர்தலில் இந்த மாநிலத்தில் பதிவு செய்த வாக்காளர்களிலேயே மூன்றில் ஒரு பங்கு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு வாக்கியத்தை வேதம் மாதிரி சொல்வார்கள்: டெக்சஸ் சிவப்பு மாநிலம் (அதாவது குடியரசுக் கட்சி மாநிலம்) கிடையாது, ஓட்டுப் போடாத மாநிலம். நானும் நூறு கதவில் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை கூடியது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் போதும், ஜெயித்துவிடுவோம் என்று. அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதை இங்கே ‘பிளாக் வாக்கிங்’ என்பார்கள். சனிக்கிழமை காலை ஒரு தொண்டர் வீட்டு கராஜில் கூடுவோம். டோனட், காபி, ஒரு பெட்டி தண்ணீர்ப் பாட்டில். ஃபோனில் ஒரு ஆப் திறந்தால் நாம் போக வேண்டிய வீடுகள் வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். புள்ளியைத் தொட்டால் பெயர், வயசு. டெக்சஸில் கட்சி வாரியாகப் பதிவு இல்லாததால், யார் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஆப் கணித்துத்தான் சொல்லும். ஒருவர் எந்தக் கட்சியின் முன்தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்பது பொது ஆவணம். அதுவும் இல்லாவிட்டால் வயசு, பெயர், தெரு இவற்றை வைத்து ஒரு ஊகம். எங்கள் பகுதித் தமிழ்ப் பெயர்களெல்லாம் பெரும்பாலும் ‘நம்ம பக்கம்’ என்றே வரும்.

எங்கள் தொகுதியில் நாடாளுமன்றக் கீழ்சபைக்கு நின்ற ஸ்ரீ பிரஸ்டன் குல்கர்னியின் ஆட்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் வாக்காளர்களுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கத் தேர்தலுக்குத் தமிழில் ஃபோன் வருவதைக் கேட்டு என் சிநேகிதி ஒருத்தி நம்பாமல் திரும்பத் திரும்ப “யாருங்க பேசறது?” என்று கேட்டிருக்கிறாள்.

செப்டம்பர் கடைசியில், வெயில் முதுகைப் பொசுக்கிய ஒரு நாள், ஆப் காட்டிய வீட்டில் 41 வயசு மகனும் 38 வயசு மருமகளும் இருக்க வேண்டும். கதவைத் திறந்தது ஒரு ஆச்சி. பருத்திச் சேலை, காலில் கம்பளி சாக்ஸ், வீட்டுக்குள் ஏசி அந்த அளவுக்கு.

“என்ன பிள்ளே, இந்த வெயில்ல நிக்கியே. உள்ள வா.”

மகனும் மருமகளும் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். மோர் வந்தது. திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்துவிட்டது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மகன் யாருக்குப் போடுவான் என்று தனக்குத் தெரியாது என்றார். அப்புறம் நான் எழுந்துகொள்ளும்போது, “எனக்கும் இந்த ஊரு பிரஜைன்னு பத்திரம் இருக்கு, தெரியுமா?” என்றார். ஒன்பது வருஷம் முன்னால் வாங்கியது. பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துவந்து காட்டினார். பழைய ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, இரண்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

“ஓட்டுப் போட்டிருக்கீங்களா ஆச்சி?”

“யாரு கேட்டா?”

அந்த இரண்டு வார்த்தையில் வருத்தமும் இல்லை, குறையும் இல்லை. நடந்ததைச் சொன்னார். ஊரில் பதினெட்டுத் தேர்தலுக்கு மேல் விரலில் மை வைத்துக்கொண்டவர். இங்கே மகனுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் இங்கிலீஷில் வரிசையாகப் பெயர் இருக்கும் தாளை நினைத்தால் பயம். எங்கள் கவுண்டியில் ஓட்டுச்சீட்டு இங்கிலீஷிலும் ஸ்பானியத்திலும்தான். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். “அப்படி விடுவானா?” என்றார்.

விடுவார்கள். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, நான் வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டது. 2014இல் ஆஸ்டினுக்கு வடக்கே வில்லியம்சன் கவுண்டியில் ஒரு வங்காளி அம்மா மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகன் வேறு கவுண்டியில் பதிவு செய்தவர், அதனால் மொழிபெயர்க்கக் கூடாது என்று வாக்குச்சாவடியில் தடுத்துவிட்டார்கள். மாநிலச் சட்டம் அப்படி. வழக்குப் போட்டார்கள். அந்த அம்மா தீர்ப்பைப் பார்க்காமலே இறந்துபோனார். 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாக்காளர் தனக்கு விருப்பமானவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

பையிலிருந்து அட்டையை எடுத்து ஆச்சியின் பெயரை நிரப்பினேன். கையெழுத்தைத் தமிழில் போட்டார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். அதையும் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து ரப்பர் பேண்டைச் சுற்றினார். திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில் நானே கொண்டுபோய்க் கவுண்டியில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாசம் ஊரே வேறு மாதிரி இருந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும் மூன்றே மாதத்தில் ஓரூர்க் 3 கோடியே 81 லட்சம் டாலர் திரட்டினார் என்று கணக்கு வந்தது. அதுவரை எந்த செனட் வேட்பாளரும் அவ்வளவு திரட்டியதில்லை. அதே மூன்று மாதத்தில் குரூஸுக்கு வந்தது 1 கோடியே 20 லட்சம் சொச்சம். ஆனால் அதே சமயம் வாஷிங்டனில் பிரெட் கவனாவை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கிற சண்டை நடந்தது. அக்டோபர் 6ஆம் தேதி 50க்கு 48 என்று செனட்டில் தேறினார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், எண்ணெய்க் கம்பெனியில் ஓய்வுபெற்றவர், அதற்கு அடுத்த நாள்தான் குரூஸ் பலகையை நட்டார். 2017இல் ஹார்வி புயல் வெள்ளத்தின்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி வைக்க உதவியவர் அவர். “எனக்கு குரூஸைப் பிடிக்காது. ஆனால் நீதிபதிகளை யார் போடுவது என்று பார்க்க வேண்டாமா?” என்று என்னிடமே சொன்னார். மகள் நோட்டில் ஒன்பதுக்கு ஒன்பது ஆனது அன்றைக்குத்தான்.

அக்டோபர் 22, முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களின் முதல் நாள். அன்று சாயங்காலம் டிரம்ப் ஹூஸ்டனுக்கே வந்து குரூஸுக்காகக் கூட்டம் போட்டார். இரண்டு வருஷம் முன்னால் குரூஸின் மனைவியையும் அப்பாவையும் பற்றி டிரம்ப் கேவலமாகப் பேசியது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அரங்கம் நிறைந்தது. கட்சி என்பது எவ்வளவு பெரிய பசை என்று அன்றைக்குப் புரிந்தது.

நானும் ஆச்சியும் அந்த வாரம் புதன்கிழமை போனோம். 65 தாண்டியவர்கள் தபாலிலேயே போடலாம், சொன்னேன். “தபால்ல போட்டா போட்ட மாதிரியா இருக்கும்?” என்றார். நல்ல சேலை கட்டியிருந்தார், காதில் கம்மல் மாற்றியிருந்தார். நூலகத்தில் வாக்குச்சாவடி. வாசலிலிருந்து 100 அடிக்குள் பிரசாரம் கூடாது என்பதால் பையில் குத்தியிருந்த பெட்டோ பேட்ஜைக் கழற்றிக் காரிலேயே வைத்துவிட்டு வந்தேன். வரிசையில் முக்கால் மணி நேரம். ஆச்சி உட்கார ஒரு இளைஞர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

துணைக்குப் போகிறவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதிகாரி நீட்டிய தாளை நான் சத்தமாக வாசித்தேன். சொல்லாலோ சைகையாலோ ஜாடையாலோ யாருக்கு ஓட்டுப் போடுவது என்று குறிப்புக் காட்ட மாட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது, வேட்பாளர் பெயரையும் கட்சியையும் சொல்வது, வாக்காளர் சொன்னபடி பதிவது, இதோடு நிறுத்திக்கொள்வேன். வாசித்துக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு லேசாக நடுங்கியது. மூன்று மாதமாக இந்த வாயால் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு அலைந்தவள் நான்.

நாலு இலக்க எண் அச்சடித்த துண்டுச்சீட்டைக் கொடுத்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு தட்டையான பெட்டி, கீழே ஒரு சக்கரம். சக்கரத்தைத் திருப்பினால் திரையில் கோடு ஒவ்வொரு பெயராக நகரும், பொத்தானை அமுக்கினால் கட்டம் நிறையும். முதலிலேயே ஒரு கட்சியை மட்டும் தேர்ந்தெடுத்து எல்லா ஓட்டையும் மொத்தமாக அந்தக் கட்சிக்கே போடுகிற வசதி அப்போது இருந்தது. அதை விளக்கினேன். “ஒவ்வொண்ணா வாசி” என்றார் ஆச்சி.

“செனட்டர். டெட் குரூஸ், ரிபப்ளிகன். பெட்டோ ஓரூர்க், டெமாக்ரட். நீல் டைக்மேன், லிபர்டேரியன்.”

“மூணாவது ஆளு யாரு?”

“பேரையும் கட்சியையும்தான் சொல்லலாம் ஆச்சி. சத்தியம் பண்ணியிருக்கேன்.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் முகத்தில் ஏதாவது எழுதியிருக்குமோ என்று பயந்து நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பெயரைச் சொன்னார். தெளிவாக, மெதுவான குரலில். சக்கரத்தைத் திருப்பி அந்தப் பெயரில் நிறுத்தி அமுக்கினேன். எந்தப் பெயர் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதுவதற்குச் சட்டமும் இடம் தராது, என் மனசும் தராது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு கவர்னர், பிறகு நீதிபதிகள், நீதிபதிகள், நீதிபதிகள். ஒவ்வொன்றையும் வாசித்தேன், ஒவ்வொன்றுக்கும் யோசித்துச் சொன்னார். கடைசியில் சிவப்புப் பொத்தானை அவரே அமுக்கினார். திரையில் கொடி அசைந்தது. “இதுக்கு மை கிடையாதா?” என்று கேட்டார். ஸ்டிக்கர்தான் கொடுத்தார்கள். சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டார்.

அந்த நாட்களில் ஒரு செய்தி எங்களையெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. 30 பெரிய கவுண்டிகளில் முன்கூட்டி விழுந்த ஓட்டு மட்டுமே 2014இல் மாநிலம் முழுக்க விழுந்த மொத்த ஓட்டைத் தாண்டிவிட்டது. எழுப்பிவிட்டோம், எல்லாரையும் எழுப்பிவிட்டோம் என்று கராஜில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

நவம்பர் 6 ராத்திரி எங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து பேர். ஆரம்பத்தில் ஓரூர்க் முன்னால் இருந்தார். பெரிய நகரங்களில் முன்கூட்டி விழுந்த ஓட்டுத்தான் முதலில் அறிவிக்கப்படும் என்பது தெரிந்தும் கத்தினோம். ஃபோர்ட் பெண்ட் அவருக்கு வந்தது. பல வருஷமாக அசையாமல் இருந்த ஃபோர்ட் வொர்த் பக்கத்து டாரண்ட் கவுண்டிகூட மயிரிழையில் வந்தது. பிறகு சின்னச் சின்னக் கவுண்டிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம். பெயரே கேள்விப்படாத ஊர்கள், நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என்று குரூஸுக்கு. சாம்பார் சாதம் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும்போதே முடிவு அறிவித்துவிட்டார்கள். எல் பாசோவின் பேஸ்பால் மைதானத்தில் நின்று ஓரூர்க் பேசியபோது உணர்ச்சிவசப்பட்டு ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்துவிட்டது. என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

குரூஸ் 42,60,553. ஓரூர்க் 40,45,632. வித்தியாசம் 2,14,921, அதாவது 2.6 சதவீதம். மகள் நோட்டில் இதுவும் இருக்கிறது.

இந்த எண்களை அதற்குப் பிறகு பல ராத்திரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மொத்தம் 83 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் வந்தார்கள். ஓட்டுப் போடாத மாநிலம் ஓட்டுப் போட்டது. வேதவாக்கு பலித்திருந்தால் நாங்கள் ஜெயித்திருக்க வேண்டும். எழுந்து வந்தவர்களில் லட்சக்கணக்கானவர்கள் குரூஸுக்கும் போட்டார்கள், அவர்களை எழுப்பிவிட்டதிலும் எங்கள் சத்தத்துக்குப் பங்கு உண்டு. அதே நாளில் அதே மக்கள் கவர்னர் கிரெக் ஆபட்டை 13 சதவீத வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். ஆபட் வாங்கியதைவிட குரூஸ் வாங்கியது ஏறக்குறைய 4 லட்சம் ஓட்டுக் குறைவு. ஆபட்டுக்குப் போட்டுவிட்டு, அதே மூச்சில் ஓரூர்க்குக்கும் போட்ட ஆட்கள் ஏராளம். அவர்களை எழுப்பியது யாரும் இல்லை. ஏற்கனவே விழித்திருந்து, ஒரு பெயரையும் இன்னொரு பெயரையும் எடைபோட்டுப் பார்த்தவர்கள். அவர்கள் வீடுகளை எங்கள் ஆப் பெரும்பாலும் காட்டவே இல்லை.

2020இல் ஓட்டு இன்னும் கூடி 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது. மாநிலத்தின் இன்னொரு செனட் இடத்துக்கு நின்ற குடியரசுக் கட்சியின் ஜான் கார்னின் 9 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் சுலபமாக ஜெயித்தார். 2022இல் ஓரூர்க்கே கவர்னருக்கு நின்று ஏறக்குறைய 11 சதவீதத்தில் தோற்றார். 2024இல் குரூஸ் மறுபடி நின்றபோது ஜனநாயகக் கட்சியின் காலின் ஆல்ரெட்டை 8 சதவீதத்துக்கு மேல் தாண்டினார். அந்த வருஷம் எல்லையோர ஸ்டார் கவுண்டி, நூறு வருஷத்துக்கும் மேலாக ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சியை விட்டு நகராத ஊர், மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த ஊர், டிரம்ப் பக்கம் போனது. பெயரைப் பார்த்து, தோலைப் பார்த்து ‘நம்ம பக்கம்’ என்று ஆப் குறித்து வைத்த புள்ளிகள்தான் அங்கே நிறைய இருந்திருக்கும்.

எங்கள் கட்சி நண்பர்கள் சிலர் இன்னும் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. வீட்டில் இருக்கிற ஒரு மனுஷியின் ஓட்டு யாரும் கேட்காமலே நமக்குச் சொந்தம் என்று கணக்கு எழுதி வைப்பதில் ஒரு அவமரியாதை இருக்கிறது. ஒன்பது வருஷம் ஆச்சியை யாரும் கேட்கவில்லை. கேட்க வந்த நானும் மகனைத் தேடித்தான் போனேன்.

அப்படியென்றால் அந்த 2.6 சதவீதம் வீணா என்று மகள் ஒருநாள் கேட்டாள். இல்லை. அந்த நவம்பரில் எங்கள் கவுண்டியில் கேரளத்தில் பிறந்த ஒருவர் கவுண்டித் தலைவராகத் தேர்வானார். ஹூஸ்டன் மேற்கிலும் டாலஸிலும் கீழ்சபைத் தொகுதிகள் எங்கள் கட்சிக்குக் கை மாறின. தொலைதூரச் சின்ன ஊர்களில், பல வருஷமாக எந்த வேட்பாளரும் எட்டிப் பார்க்காத டவுன்ஹால்களில், முப்பது பேர் உட்கார்ந்து ஒருவரைக் கேள்வி கேட்டார்கள். போட்டி நெருக்கமாக இருந்தால்தான் வேட்பாளர் வாசலுக்கு வருவார். அது எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் நல்லதுதான். குரூஸும் அந்த வருஷம் டெக்சஸ் முழுக்க ஓடி ஓடிப் பேச வேண்டியிருந்தது.

2020 மார்ச்சில் முன்தேர்தல் வந்தபோது ஆச்சிக்கு ஃபோன் பண்ணினேன். கூட்டிப் போக வரட்டுமா என்று கேட்டேன். இந்தத் தேர்தலில் உள்ளே போனதும் மேஜையில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொல்லி வாங்க வேண்டும், அது பதிவாகும் என்று விளக்கினேன்.

“எல்லாரும் கேக்கிற மாதிரி எந்தக் கட்சின்னு வாய்விட்டுச் சொல்லணுமா?”

“ஆமா ஆச்சி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“எனக்கு வேண்டாம் பிள்ளே. நவம்பருக்கு வாரேன். அப்ப யார்ட்டயும் சொல்ல வேண்டாம்லா?”